மூளை நரம்பியல்: டாக்டர் பதில்கள்

கேள்வி: டாக்டர், காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு வயது 68. பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்பு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. ஸ்கேன் எடுத்து, சின்ன ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். தேறி, தோப்புக்குத் தனியாகப் போய்வந்தார். நாலைந்து மாதமாக நடை சுருங்கிவிட்டது. எழுந்தால் கால் தரையை விட்டு வர மாட்டேன் என்கிறது. திரும்பும்போது தடுமாறுகிறார். கை வீச்சு நன்றாக இருக்கிறது. கிறுகிறுப்புக்குக் கடையில் வாங்கிய மாத்திரையை விடாமல் போடுகிறார். "வயசாச்சு, விடு" என்கிறார் பெரியப்பா.

பதில்: பெரியப்பா சொல்வதைக் கேட்காதீர்கள் அம்மா. நடை நாலைந்து மாதத்தில் இப்படிச் சுருங்கினால் காரணம் தேடியே ஆகவேண்டும்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது அந்தக் கிறுகிறுப்பு மாத்திரையில். அட்டையில் சின்னரிசின், ஃப்ளூனரிசின் என்று இருக்கிறதா பாருங்கள். மாதக்கணக்கில் போட்டால், வயதானவர்களுக்குப் பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய் போலவே உடலை இறுக்கி நடையைக் குறுக்கிவிடும். டாக்டரைக் கேட்டு நிறுத்தினாலும் நடை சரியாவதற்குச் சில மாதம் பிடிக்கலாம். பிரஷர் மாத்திரை, ஆஸ்பிரின் இவற்றில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.

மாத்திரை காரணமில்லை என்றால் அடுத்த சந்தேகம் மூளையின் ஆழத்தில் ஓடும் நுண்குழாய்கள் மேல். அங்கே அடைத்தால் விழும் புண் பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள்தான். கை கால் இழுக்காமலே ஒவ்வொன்றாகச் சேரும். காலுக்குப் போகும் நரம்புப் பாதைகள் அரிபட, இடுப்புக்குக் கீழேதான் முதலில் தெரியும். கை நன்றாக வீசுவதும் அதனால்தான். பார்க்கின்சன் மாத்திரை இதில் சிலருக்கே கேட்கும்.

கூடவே சிறுநீர் அடக்க முடியாமல் போகிறதா, மறதி உண்டா என்று கவனியுங்கள். இருந்தால் மூளையில் நீர் தேங்கியிருக்கிறதா என்று மறுபடி ஸ்கேன் பார்க்கவேண்டும். அதற்கு ஆபரேஷன் இருக்கிறது. கழுத்துத் தண்டுவட அழுத்தம், பி12 குறைவு இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். பிரஷரைப் படுத்தும் நின்றும் எடுக்கவேண்டும். நிற்கும்போது இறங்கினால் கிறுகிறுப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம். (மாங்காய் ஊறுகாயைத் தள்ளி வையுங்கள். தோப்புக்காரர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான்!)

வீட்டில், கட்டிலிலிருந்து கழிப்பறை வரை தரையில் ஒரு அடிக்கு ஒரு கோடு போட்டு, கோட்டைத் தாண்டித் தாண்டி நடக்கச் சொல்லுங்கள். ஒட்டிய கால் பலருக்கு இதில் விடும். நின்ற இடத்தில் சுழலாமல் வளைந்து திரும்பட்டும். 2021 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. அதில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

திடீரென்று வாய் கோணினால், பேச்சு குழறினால், கை தொங்கினால் உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டியது. விடியட்டும் என்று இருக்காதீர்கள்.