மூன்று சபைகள், ஒரு கைத்தொழிற்பேட்டை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருகோணமலை மாவட்டத்தின் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பிரதேச சபைகள் சேர்ந்து ஒரே கைத்தொழிற்பேட்டை அமைக்கலாம் என்று எங்கள் சங்கத்தில் பேசுகிறோம். காணி தம்பலகாமத்தில் அமைந்தால் மூதூருக்கு என்ன வரும்?
– வாசகர், மூதூர்

பதில்: வேலை வரும். வரிப்பணம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் வரும். சோலைவரி, அதாவது காணி, கட்டடங்களின் ஆண்டுப் பெறுமதி மீது சபை அறவிடும் வரி, காணி உள்ள சபைக்கே சேரும் என்பதால், இடத்தைத் தெரிவு செய்யுமுன்பே பங்கைப் பேசி முடியுங்கள். இடம் முடிவான பிறகு பேசப் போனால், காணி உள்ள சபை இறங்கிவர ஒரு காரணமும் இருக்காது.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் நியூட்டன், வோல்டன், மோர்கன், ஜாஸ்பர் என்ற நான்கு கவுண்டிகள் (உள்ளூராட்சிப் பிரிவுகள்) 'ஸ்டான்டன் ஸ்பிரிங்ஸ்' பேட்டையைக் கூட்டாக நடத்துகின்றன. வருமானத்தில் முதல் இரண்டுக்கும் தலா 37.5 வீதம், மோர்கனுக்கு 15, ஜாஸ்பருக்கு 10. 2012இல் பக்ஸ்டர் மருந்து நிறுவனமும் 2018இல் ஃபேஸ்புக் தரவு மையமும் வருவதாக அறிவித்தபோது இந்தப் பங்கு ஏற்கெனவே எழுத்தில் இருந்தது.

இலங்கையில் பலரும் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனம் செய்த இடத்தில்தான் சபை சோலைவரி அறவிடலாம். வயலோரப் பற்றைக் காணி பெரும்பாலும் அந்த வரம்புக்குள் இராது. பிரகடனம் இல்லையென்றால் பங்கிட வரியே இல்லை. ஆகவே அதுதான் முதல் வேலை.

அடுத்தது செலவைக் கழிப்பது. குப்பை, உள்வீதி, தெருவிளக்குச் செலவு காணி உள்ள சபையின் தலையில் விழும். அதைக் கழித்த பிறகு பங்கிடுவதே நியாயம். ஆனால் எவற்றைக் கழிக்கலாம், ஆண்டுக்கு உச்சம் எவ்வளவு என்று எழுதாவிட்டால், சில வருடங்களில் பங்கிட மிச்சம் இருக்காது. பணம் தனிக் கணக்கில் விழட்டும். காலாண்டுக்கு ஒருமுறை கணக்கறிக்கை மூன்று சபைக்கும் போகட்டும். சபையின் ஆயுள் 4 ஆண்டு, காணிக் குத்தகை 30 ஆண்டு. ஒப்பந்தம் குத்தகையோடு ஓட வேண்டும். மூன்று சபைகளிலும் தீர்மானம் நிறைவேற்றி, உள்ளூராட்சித் திணைக்களத்தின் இணக்கத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். தவிசாளர்களின் வாய்வார்த்தை அடுத்த சபையைக் கட்டுப்படுத்தாது.

கேள்வி: காணி பார்க்கும்போது எதைக் கவனிப்பது?
– வாசகர், கிண்ணியா

பதில்: மார்கழி மழையில் போய்ப் பாருங்கள். மகாவலி கடலில் சேரும் பக்கம் இது. ஆடியில் காய்ந்து கிடக்கும் நிலம் மாரியில் முழங்கால் தண்ணீரில் நிற்கும். வன, தொல்பொருள் திணைக்களங்களின் எல்லைக்கல் உள்ளே இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். 10 ஹெக்டேயரைத் தாண்டும் பேட்டைக்குச் சுற்றாடல் மதிப்பீடு கட்டாயம். அதற்குரிய காலத்தையும் திட்டத்தில் சேருங்கள்.

கேள்வி: அரிசி ஆலைக்கும் மீன் பதனிடும் ஆலைக்கும் ஒரே கழிவுநீர்த் தொட்டி போதுமா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: போதாது. நெல் ஊறவைத்த நீரை நுண்ணுயிர்த் தொட்டியில் சுத்திகரிக்கலாம். மீன் ஆலையின் உப்புநீர் அதில் கலந்தால் நுண்ணுயிர்கள் சாகும், தொட்டி நாறும், வெளியேறும் நீர் வாய்க்கால் வழியே வயலுக்குப் போகும். பிறகு விவசாயிகள் பேட்டைக்கு எதிராக நிற்பார்கள், நியாயமாகவே. உப்புக் கழிவுக்கு முதல் நாளிலிருந்தே தனிக் குழாயும் தனித் தொட்டியும் வையுங்கள். இரண்டு ஆலைகளுக்கும் இடையில் காணித்துண்டு சிலவற்றை விட்டு, அங்கே தையலகம், தச்சுப்பட்டறை போன்ற உலர்ந்த தொழில்களைக் கொடுங்கள்.