வாசகர் கேள்வி – பதில்: நொதிகளும் உயிரணுவின் ஆற்றல் கணக்கும்

கேள்வி: “நொதிகள் வினைக்குத் தேவையான ஆற்றலைத் தருகின்றன” என்று நான் படிக்கும் வழிகாட்டி நூலில் அச்சாகியுள்ளது. எங்கள் ஆசிரியையோ, நொதி எந்த ஆற்றலையும் தருவதில்லை என்கிறார். எது சரி?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கும்பகோணம்

பதில்: உங்கள் ஆசிரியை சொல்வதே சரி. குளுக்கோஸ் ஆக்சிஜனுடன் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறும்போது, ஒரு மோலுக்கு, அதாவது 180 கிராமுக்கு, சுமார் 2,870 கிலோ ஜூல் கட்டிலா ஆற்றல் (வேலைக்குப் பயன்படக்கூடிய ஆற்றல்) வெளிப்படுகிறது. இவ்வளவு ஆற்றலை வெளியிடும் வினை தானாகவே நடந்துவிட வேண்டும் அல்லவா? ஆனாலும் குளுக்கோஸ் டப்பாவைத் திறந்தே வைத்திருந்தாலும் அது காற்றில் எரிந்துபோவதில்லை. வினை தொடங்குவதற்கு முன், மூலக்கூறுகள் தம் பழைய பிணைப்புகள் தளர்ந்து புதியவை உருவாகத் தொடங்கும் ஓர் இடைநிலையை எட்டியாக வேண்டும். அதற்குத் தேவைப்படும் கிளர்வு ஆற்றல் அறை வெப்பநிலையில் கிடைப்பதில்லை. அடுப்பில் அந்தத் தடையைத் தீ கடக்க வைக்கிறது. உயிரணுவில் வினையூக்கிப் புரதமான நொதி அந்தத் தடையின் உயரத்தையே குறைத்துவிடுகிறது.

கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையில் கணவாய் இருப்பதால் பயணம் எளிதாகிறது; ஆனால் அந்தக் கணவாய் இவ்விரு ஊர்களின் உயர வேறுபாட்டை ஒரு மீட்டர்கூட மாற்றிவிடவில்லை. அங்கிருந்து இங்கு வருபவருக்கும் இங்கிருந்து அங்கு செல்பவருக்கும் அது ஒரே அளவில் உதவுகிறது. நொதியும் அப்படித்தான்: முன்னோக்கிய வினையையும் பின்னோக்கிய வினையையும் ஒரே விகிதத்தில் விரைவுபடுத்துகிறது, சமநிலை எங்கே அமைய வேண்டும் என்பதில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை.

விரைவுபடுத்துவது என்றால் எந்த அளவுக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆர்.என்.ஏ.வுக்கு வேண்டிய யூரிடின் எழுத்தை உருவாக்கும் பாதையின் கடைசிப் படியில், ஒரு மூலக்கூறிலிருந்து கார்பன் டை ஆக்சைடு நீக்கப்படுகிறது. ரிச்சர்டு வுல்ஃபென்டனும் அன்னா ராட்சிக்காவும் 1995-ல் வெளியிட்ட கணக்கின்படி, நொதி இல்லாமல் சாதாரண நீரில் இவ்வினை பாதியளவு நடந்து முடிய ஏறத்தாழ 7.8 கோடி ஆண்டுகள் ஆகும். நொதியின் பிடிக்குள் வந்துவிட்டால் அதே வினை ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுகிறது. ஆற்றலைத் துளியும் தராமலேயே இதை அது செய்கிறது என்பதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

கேள்வி: நொதி வினையின் திசையை மாற்றாது என்றால், ஆற்றலை உள்வாங்க வேண்டிய வினைகள் உயிரணுவில் எப்படி நடக்கின்றன?
– தாவரவியல் இளநிலை மாணவர், திருநெல்வேலி

பதில்: இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, இறக்கத்தில் செல்லும் ஒரு வினையோடு அதைப் பிணைத்துவிடுவது. குளுக்கோஸ் உயிரணுவுக்குள் நுழைந்தவுடன் அதன்மீது பாஸ்பேட் ஏற்றப்படுகிறது. தனித்த பாஸ்பேட்டைக் கொண்டு இதைச் செய்ய முயன்றால், திட்ட நிலையில், அதாவது பொருள்களெல்லாம் ஒப்பீட்டுக்காக வகுத்த ஒரே செறிவில் இருக்கும்போது, மோலுக்கு 13.8 கிலோ ஜூல் செலவாகும். எனவே அது தானாக நிகழாது. உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி (மூன்று பாஸ்பேட் கொண்ட அடினோசின் டிரைபாஸ்பேட்) நீராற்பகுக்கப்படும்போது, அதாவது நீருடன் வினைபுரிந்து உடையும்போது, 30.5 கிலோ ஜூல் வெளிப்படும். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் 16.7 கிலோ ஜூல் வெளிப்படும் ஒரே வினை கிடைக்கிறது. அதைத்தான் ஹெக்சோகைனேஸ் என்னும் நொதி நடத்துகிறது.

இங்கே பலரும் தடுமாறுகிறார்கள். முதலில் ஏடிபி நீருடன் வினைபுரிந்து உடைந்து, அதிலிருந்து வெளிவந்த ஆற்றல் பிறகு குளுக்கோஸுக்குச் செல்வதாக அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி நடந்தால் அந்த ஆற்றல் வெறும் வெப்பமாகச் சிதறிப்போகும். வினை ஓர் அடிகூட நகராது. உண்மையில் ஏடிபியின் கடைசிப் பாஸ்பேட் குளுக்கோஸுக்கே நேரடியாகக் கைமாறுகிறது. குளுக்கோஸ் வந்து அமர்ந்ததும் ஹெக்சோகைனேஸின் இரு மடல்களும் நெருங்கி மூடிக்கொண்டு, நீர் மூலக்கூறுகளை வினை நடக்கும் இடத்திலிருந்து விலக்கிவிடுகின்றன. ஆக, நொதி ஆற்றலைத் தராவிட்டாலும், எந்த வினை எதனோடு சேர வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. வளர்சிதை மாற்றம் முழுவதும் இந்தச் சேர்க்கையின் மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது வழி, விளைபொருளைத் தேங்கவிடாமல் அகற்றிக்கொண்டே இருப்பது. உணவைச் சிதைத்து ஆற்றல் எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சியில் மாலேட், ஆக்சலோ அசிட்டேட்டாக மாறும் படியின் திட்டக் கட்டிலா ஆற்றல் மாற்றம் +29.7 கிலோ ஜூல். தாளில் பார்த்தால் நடக்கவே முடியாத வினை. ஆனால் உருவாகும் ஆக்சலோ அசிட்டேட்டை அடுத்த நொதியான சிட்ரேட் சின்தேஸ் உடனுக்குடன் எடுத்துக்கொள்வதால், அதன் செறிவு மிக மிகக் குறைவாகவே இருக்கிறது. அதனால் வினை தொடர்ந்து முன்னோக்கிச் செல்கிறது. திட்ட நிலை மதிப்பைப் பார்த்து மட்டும் உயிரணுவுக்குள் நடக்கும் வினையின் திசையை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ஏடிபியில் உள்ள “உயர் ஆற்றல் பிணைப்பு” உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்கிறார்கள். பிணைப்பை உடைக்க ஆற்றல் தேவை என்று வேதியியல் வகுப்பில் கற்பிக்கிறார்களே?
– மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், ஈரோடு

பதில்: வேதியியல் வகுப்பில் கற்பிப்பதே சரி. எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் செலவாகத்தான் செய்யும்; ஏடிபியும் அதற்கு விலக்கல்ல. எதிர்மின் சுமைகள் நெருக்கியடித்து நிற்கும் ஏடிபியையும் நீரையும் விட, அவற்றிலிருந்து உருவாகும், இரண்டு பாஸ்பேட் மட்டும் கொண்ட அடினோசின் டைபாஸ்பேட்டும் தனிப் பாஸ்பேட்டும் கூடுதல் நிலைப்பு உடையவை: மின்சுமைகளின் விலக்கு விசை தணிகிறது, விடுபட்ட பாஸ்பேட்டில் எலக்ட்ரான்கள் பரவி அமைகின்றன, நீர் மூலக்கூறுகள் விளைபொருள்களை நன்றாகச் சூழ்ந்துகொள்கின்றன. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள இந்த வேறுபாடே நமக்குக் கிடைக்கும் ஆற்றல். மேலும், உயிரணு தன் ஏடிபியின் அளவைச் சமநிலையிலிருந்து வெகு தொலைவில் வைத்திருப்பதால், அங்கே உண்மையில் கிடைப்பது 30.5 அல்ல, ஏறத்தாழ 50 கிலோ ஜூல். நொதி இல்லாத நீரில் ஏடிபி மெதுவாகவே சிதைகிறது என்பதும் முக்கியம். உடனே சிதைந்துவிடும் பொருளாக இருந்தால் அது ஆற்றல் நாணயமாகப் பயன்பட்டிருக்க முடியாது.

கேள்வி: ஏடிபியைக் கண்டறிந்ததில் இந்தியர் ஒருவருக்குப் பங்குண்டு என்பது உண்மையா?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: உண்மை. 1895-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சைரஸ் ஃபிஸ்குடன் பணியாற்றியபோது, 1925-ல் பாஸ்பரஸை நிறத்தின் வழியே அளக்கும் முறையையும், 1927-ல் தசையில் பாஸ்போகிரியேட்டினையும், 1929-ல் ஏடிபியையும் இருவரும் வெளியிட்டனர். அதே 1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமானும் ஏடிபியைத் தனியாகக் கண்டறிந்தார். பாடநூல்கள் இரு தரப்பையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: உணவின் ஆற்றலை வெப்பமாக மாற்றி எடையைக் குறைக்கும் மாத்திரை ஒன்று இணையத்தில் விற்கப்படுகிறது. “மைட்டோகாண்ட்ரியாவில் செயல்படுவது, பக்க விளைவு அற்றது” என்கிறார்கள். உட்கொள்ளலாமா?
– வாசகி, மதுரை

பதில்: தயவுசெய்து உட்கொள்ளாதீர்கள். காரணத்தையும் விளக்கிவிடுகிறேன். ஒரு குளுக்கோஸிலிருந்து உயிரணு இன்றைய கணக்கின்படி 30 முதல் 32 ஏடிபி வரை பெறுகிறது (பழைய நூல்களில் உள்ள 36, 38 ஆகியவை இப்போது ஏற்கப்படுவதில்லை). அவற்றில் பெரும்பகுதி, உயிரணுவுக்குள் உள்ள நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உருவாகிறது. உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களின் ஆற்றல், புரோட்டான்களைச் சவ்வின் ஒரு பக்கத்தில் குவிக்கிறது. அவை ஏடிபி சின்தேஸ் என்னும் நொதியின் வழியே திரும்பும்போது ஏடிபி உருவாகிறது. பீட்டர் மிட்செல் 1961-ல் முன்வைத்த இக்கருத்துக்கு 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு காலத்தில் எடைக் குறைப்புக்குத் தரப்பட்ட டைநைட்ரோபீனால் என்ற பொருள், புரோட்டான்களைச் சுமந்து அதே சவ்வைத் தானே கடந்துவிடுகிறது. அப்போது ஏடிபி உருவாவது குறைகிறது. உணவு எரிவது மட்டும் இன்னும் விரைவாகத் தொடர்ந்து, அந்த ஆற்றலெல்லாம் வெப்பமாகிறது. பச்சிளங் குழந்தைகளின் பழுப்புக் கொழுப்பிலும் இத்தகைய கசிவு நிகழ்ந்து அவர்களுக்குக் கதகதப்பைத் தருகிறது. ஆனால் அங்கே அதைத் திறக்கவும் மூடவும் ஒரு புரதம் உண்டு. மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 1933-ல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் இதை எடைக் குறைப்புக்குப் பரிந்துரைத்தபின், அமெரிக்காவில் பலர் கண்புரையால் பார்வையிழந்தனர். சிலர் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி இறந்தனர். 1938-ல் அந்நாடு இதை மனிதர் உட்கொள்ளத் தகாதது என அறிவித்தது. இதற்கு முறிவு மருந்து இல்லை. பாராசிட்டமால் போன்ற காய்ச்சல் மாத்திரைகளும் இந்த வெப்பத்தைத் தணிப்பதில்லை.

நீங்கள் பார்த்த மாத்திரையில் இருப்பது இதுதானா என்று என்னால் கூற இயலாது. ஆனால் அந்த விளம்பர வாசகம் இதன் செயலையே விவரிக்கிறது. வீட்டில் யாரேனும் ஏற்கெனவே உட்கொண்டிருந்து, வியர்வை, படபடப்பு, மூச்சு வாங்குதல், உடல் சூடு ஆகியவை தோன்றினால், காத்திராமல் மாத்திரை அட்டையுடன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.