பழைய தூண்களை வாங்கி நட்டால் செட்டிநாடு வந்துவிடுமா?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அறக்கட்டளை நிர்வாகி கேட்டிருக்கிறார்: “புறவழிச்சாலையில் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. 1,000 பேர் உட்காரும் மாநாட்டு மையம் கட்டப் போகிறோம். பார்த்தவுடன் செட்டிநாடு என்று தெரிய வேண்டும். பிரித்த வீடு ஒன்றின் பர்மா தேக்குத் தூண்கள் 24 வந்திருக்கின்றன, முன்பணம் கொடுத்தால் எடுத்து வைக்கிறேன் என்கிறார் ஒப்பந்ததாரர். வாங்கலாமா?”

வாங்காதீர்கள்.

செட்டிநாட்டு வீடு பெரும்பாலும் ஒருவர் சொத்து அல்ல. மூன்று தலைமுறை தாண்டிவிட்டால் பங்காளிகள் பெருகிவிடுவார்கள். சென்னையிலும் மலேசியாவிலும் சிதறிக் கிடப்பார்கள். ஊரில் இருக்கும் ஒருவரை மட்டும் பிடித்துப் பேசி முடித்து, இரவோடு இரவாகத் தூணை லாரியில் ஏற்றும் தரகர்கள் உண்டு. பிறகு வேறொரு பங்காளி வழக்குப் போட்டால் நீதிமன்றத்துக்கு அலைவது நீங்கள்தான். அவசரத்தில் தூணை ரம்பத்தால் அறுத்து எடுப்பார்கள். தூண் நின்ற அடிக்கல் ஒரு கைக்கும், அதன் தலையில் உத்திரத்தைத் தாங்கிய போதிகை இன்னொரு கைக்கும் போகும். மிஞ்சுவது வெறும் மரக்கட்டை. அதுவும் பர்மா தேக்குதானா என்பதற்கு விற்பவர் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரம் இருக்காது.

நீங்கள் தரும் முன்பணத்தில்தான் தரகர் அடுத்த வீட்டைப் பிரிப்பார். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பழைய கட்டடங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையம் அமைப்பதற்கான சட்டம் 2012இலேயே நிறைவேறி, பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. ஒரு கழிப்பறை கட்டினால் வரைபடம் கேட்கும் அலுவலகம், நூறு வயது வீடு இடிபடும்போது எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் வாங்குகிறவர்களாவது மறுக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. உங்கள் சொந்தப் பூர்வீக வீடு, பழுதுபார்க்கவே முடியாதபடி ஏற்கெனவே சரிந்துவிட்டது என்றால் அதன் மரத்தைப் பயன்படுத்தலாம். பழுதுபார்க்க முடியாது என்பதை ஒப்பந்ததாரர் சொல்லக் கூடாது, கட்டமைப்புப் பொறியாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் வேண்டும். பிரிக்கும் முன் ஒவ்வொரு தூணுக்கும் எண் போட்டு, நின்ற இடத்தைப் படமெடுத்து, அடிக்கல், போதிகை, உத்திரம் எல்லாவற்றையும் ஒரு தொகுதியாக எடுங்கள். கரையான் அரித்ததை ஒதுக்கிவிடுங்கள். புதுக் கட்டடத்தில் அந்தத் தூண் முன்தாழ்வாரத்தில் ஓட்டுக்கூரையைத் தாங்கி நிற்கட்டும். கான்கிரீட் தூணுக்கு முன்னால் அலங்காரமாக ஒட்ட வேண்டாம். செதுக்கிய நிலைக்கதவு இருந்தாலும் எச்சரிக்கை தேவை: அது உள்பக்கம் திறக்கும், வாசற்படியும் உயரம். கூட்டம் பதறி ஓடும்போது கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஆகவே அவசர வழிகளைப் பக்கங்களில் தனியாகப் போடுங்கள். நிலைக்கதவை நிகழ்ச்சி நேரம் முழுக்கத் திறந்தே வைத்து, பக்கத்தில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கொடுங்கள்.

சரி, தூண் இல்லாமல் செட்டிநாடு எப்படித் தெரியும்? வரைபடத்தில் தெரியும். அந்த வீடுகளில் திண்ணை, முகப்பு, வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று எல்லாம் ஒரே நேர்கோட்டில் போகும். வந்தவரை உட்காரவைக்க ஓர் இடம், சடங்குக்கு ஓர் இடம், பந்திக்கு ஓர் இடம் என்று பிரித்திருப்பார்கள். மாநாட்டு மையத்துக்கும் இதே வரிசைதான் வேண்டும். 1,000 பேருக்கு நாற்காலி போட ஏறத்தாழ 10,000 முதல் 12,000 சதுர அடி, நடுவில் தூணே இல்லாமல் வேண்டும். அந்த அகலம் மர உத்திரத்துக்கு எட்டாது. எஃகுச் சட்டகம்தான் போட வேண்டும். அதைப் பிளாஸ்டர் கோபுரம் வைத்து மறைக்காதீர்கள். அரங்குக்கு முன்னால், அதன் பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும்படி, வானம் தெரியும் ஒரு வளவு விடுங்கள். இடைவேளையில் கூட்டம் அங்கேதான் நிற்கும், காப்பி குடிக்கும், பேசும். சுற்றிலும் ஆழமான தாழ்வாரம் இருந்தால் சிவகங்கை வெயிலிலும் நிற்கலாம்.

கூரைத் தண்ணீரை வளவுக்குள் இறக்கி, அங்கிருந்து ஊருணிக்கு விட்டவர்கள் அந்த ஊர் மக்கள். உங்கள் நிலத்தின் தாழ்ந்த மூலையில் ஓர் ஊருணி வெட்டுங்கள். எல்லாக் கட்டடமும் சேர்ந்து 30,000 சதுர அடிக் கூரை என்று வைத்தால், அதில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 2.8 லட்சம் லிட்டர். பார்க்கிங் போதவில்லை என்று இதைத்தான் முதலில் வெட்டச் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். ஊர் பக்கத்திலேயே இருக்கும்போது இடையில் வியாபாரி எதற்கு? பட்டறைக்கு நேரே போங்கள். அதே பூவை அச்சடித்த செராமிக் ஓடுகளும் அந்தப் பெயரிலேயே விற்பனையாகின்றன. ஓரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்: அசல் கல்லில் மேலே வண்ணம் ஒரு தனிப் படலமாக இருக்கும், கீழே சிமெண்ட். கண்ணாடிமேல் வார்ப்பதால் முகம் வழவழப்பாக இருக்கும், சூளையில் சுடுவதில்லை. ஆனால் ஆசிட் பட்டால் போச்சு. பந்தி நடக்கும் இடத்திலும் கைகழுவும் இடத்திலும் கருங்கல் போடுங்கள். மற்ற இடங்களில் ஆசிட் ஊற்றித் துடைக்கக் கூடாது என்று துப்புரவு ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

சுவர்ப் பூச்சிலும் இதே கதைதான். அசல் பூச்சு சுண்ணாம்பில் ஆனது. ஆனால் வெள்ளை சிமெண்டும் வால் புட்டியும் (wall putty) தேய்த்துவிட்டு ‘செட்டிநாட்டுப் பூச்சு’ என்று சதுர அடிக்கு விலை சொல்வார்கள். சுண்ணாம்பு ஊறப்போட்ட தொட்டியைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவருக்கு வேலை கொடுக்க வேண்டாம்.

முன்பணம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், தூண் எந்த ஊர், எந்த வீடு, பங்காளிகள் எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாள் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கிடைக்கும் பணத்தில் நல்ல தச்சர் ஒருவரை அமர்த்தி, புது மரத்தில் புதுத் தூண்களே செய்யச் சொல்லுங்கள்.