ஃப்ளாஷ் வாங்கும் முன் கேமராவின் தலையைப் பாருங்கள்

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் கேனன் 1500டி, 18-55 லென்ஸ், 50 மி.மீ. 1.8 லென்ஸ் இருக்கின்றன. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களை எடுத்துப் பழகி, இப்போது வெளியிலிருந்தும் ஆர்டர் வருகிறது. கேமராவில் இருக்கிற ஃப்ளாஷைப் போட்டால் முகம் வெளுத்துப் போகிறது, பின்சுவரில் நிழல் விழுகிறது. கைடு நம்பர் 60 உள்ள மேனுவல் ஃப்ளாஷ் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?"

வேண்டாம். உங்கள் கேமராவில் அது எரியாமலே போகலாம்.

ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் நடுவில் பெரிய வட்டப் புள்ளி ஒன்று இருக்கும். எந்தக் கம்பெனி ஃப்ளாஷாக இருந்தாலும் எரிய வேண்டிய நொடியை அதற்குச் சொல்வது அந்தப் புள்ளிதான். 1500டி, 3000டி, 200டி மார்க் 2 மாடல்களில் கேனன் அதை எடுத்துவிட்டது. சின்னப் புள்ளிகள் மட்டும்தான் இருக்கும். பலத்தைக் கையால் கூட்டிக் குறைக்கும் மேனுவல் ஃப்ளாஷைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் ஒரே ஒரு பின்தான் இருக்கும். அது தொட வேண்டிய இடத்தில் உங்கள் கேமராவில் எதுவும் இல்லை. ஆகவே கேனனுக்கென்றே செய்த டிடிஎல் ஃப்ளாஷ்தான் உங்களுக்குச் சரி. வேறு கம்பெனி தயாரிப்பு என்றால் மென்பொருள் புதுப்பித்ததா என்று கேளுங்கள். சில பழைய சரக்கு இந்தக் கேமராக்களில் எரியாது.

டிடிஎல் ஃப்ளாஷ், படம் பதிவாவதற்குச் சற்று முன் சின்னதாக ஒருமுறை மின்னும். லென்ஸ் வழியே திரும்பி வரும் வெளிச்சத்தை அளந்து, எவ்வளவு அடிக்க வேண்டும் என்று கேமராவே முடிவு செய்யும். பந்தியில் ஒரு நிமிடம் இலைக்கு அருகில் நிற்பீர்கள், அடுத்த நிமிடம் வாசலில் வருகிறவர்களை எடுப்பீர்கள். ஒவ்வொரு முறையும் கையால் திருகிக்கொண்டிருந்தால் படம் போய்விடும்.

சரி, அந்த 60-க்கு வருவோம். கைடு நம்பர் என்பது ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் எண். ஃப்ளாஷின் தலையை 200 மி.மீ.க்கு ஜூம் செய்து, வெளிச்சத்தை ஒரே கற்றையாகக் குவித்தால் வரும் எண் அது. 35 மி.மீ.க்கு விரித்தால் அதே ஃப்ளாஷ் 36-ஐ ஒட்டி வந்து நிற்கும். கைடு நம்பரை அப்பர்ச்சரால், அதாவது லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும் எண்ணால் வகுத்தால், ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் திறன்) 100-ல் வெளிச்சம் எத்தனை மீட்டர் எட்டும் என்று தெரியும். 5.6-ல் 36 என்றால் சுமார் ஆறரை மீட்டர். உங்கள் கேமராவின் சொந்த ஃப்ளாஷுக்கு இந்த எண் 9 சொச்சம்தான். ஒன்றரை மீட்டரைத் தாண்டியதும் மூச்சு வாங்கும்.

ஆனால் நேராக அடிக்கவா வாங்குகிறீர்கள்? நேராக அடித்தால் இதிலும் முகம் வெளுக்கும், நிழல் விழும். தலையை மேலே திருப்பிக் கூரையில் அடித்து, அங்கிருந்து வெளிச்சம் பரவி இறங்க வேண்டும். அதனால் தலை மேலே நிமிர்ந்தால் மட்டும் போதாது, பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும். நான் எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட மாட்டேன்.

பத்தடி உயர வீட்டுக் கூரை என்றால் வெளிச்சம் மேலே போய்த் திரும்பிவர நாலைந்து மீட்டர்தான். ஐஎஸ்ஓ 800 போதும். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருபதடி உயர மண்டபத்தில் நின்றால் அந்தப் பாதை பத்து மீட்டரை நெருங்கும். கூரையும் இரண்டு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் முக்கால் பங்கு, விழுங்கிவிடும். அங்கே 18-55-ஐக் கழற்றிவிட்டு 50-ஐ மாட்டி அப்பர்ச்சர் 2.8-ல் எடுங்கள். 5.6-ஐ விட அதே ஃப்ளாஷுக்கு எட்டும் தூரம் இரட்டிப்பாகும்.

சாமியானாவில்தான் நான் ஏமாந்தேன். பென்னாகரம் பக்கம் ஒரு காதுகுத்து. வீட்டு முன்னால் ரோஸ் துணிப் பந்தல். பழக்கத்தில் மேலே திருப்பி அடித்துத் தள்ளிவிட்டேன். அன்றிரவு கம்ப்யூட்டரில் பார்த்தால் தாய்மாமனின் வெள்ளைச் சட்டையே ரோஸ், மடியில் இருந்த குழந்தையின் முகமும் ரோஸ். நிறத்தைச் சரிசெய்ய இரண்டு இரவு போனது. ஃப்ளாஷ் எதில் பட்டுத் திரும்புகிறதோ அதன் நிறத்தையும் கூட்டிக்கொண்டு வரும். துணிப் பந்தலுக்குள் தலையைப் பக்கத்து வெள்ளைச் சுவருக்குத் திருப்புங்கள். சுவரும் இல்லையென்றால், ஃப்ளாஷின் பின்புறம் உள்ளங்கை அகல வெள்ளை அட்டையை ரப்பர் பேண்டு போட்டு நிறுத்துங்கள்.

ஒகேனக்கல்லில் பகல் வெயிலில் ஜோடிப் படம் எடுப்பதானால் ஹை ஸ்பீட் சிங்க், அதாவது ஷட்டர் வேகமாக ஓடும்போதும் ஃப்ளாஷ் எரியும் வசதி, வேண்டும். உங்கள் கேமராவின் ஷட்டர் வேகம் சாதாரணமாக ஃப்ளாஷோடு 1/200 நொடிக்கு மேல் போகாது. அந்த வசதியைப் போட்டால் ஃப்ளாஷின் பலம் நன்றாகக் குறையும், ஆளுக்கு அருகில் போக வேண்டியிருக்கும். இப்போதைக்கு இதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

பேட்டரியில் கஞ்சத்தனம் கூடாது. லித்தியம் பேட்டரி உள்ள மாடல் முழு பலத்தில் அடித்தாலும் ஓரிரு நொடியில் அடுத்த படத்துக்குத் தயாராகிவிடும். முகூர்த்தம் எடுக்கிறவருக்கு நான் அதையே சொல்வேன். பட்ஜெட் இடிக்கிறதென்றால் நான்கு ஏஏ போடும் மாடல் வாங்கி, ரீசார்ஜ் செல் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கடைச் செல் போட்டால் தாலி கட்டும் நேரத்தில் ஃப்ளாஷ் இன்னும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

கடைக்குப் போகும்போது கேமராவையும் 50 லென்ஸையும் எடுத்துப் போங்கள். டிடிஎல்லில் வைத்து, தலையைக் கூரைக்குத் திருப்பி, கடைக்காரரையே பத்துப் படம் விடாமல் எடுங்கள். நடுவில் ஒன்று இருட்டாக வந்தாலும் வேறு பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள்.