நடனமே தெரியாதவர் ஐரிஷ் செட் டான்ஸ் வகுப்பில் சேரலாமா?

கேள்வி: அயர்லாந்தில் லிமரிக் நகரில் வசிக்கிறேன். வயது 41. எங்கள் பகுதிச் சமூகக்கூடத்தில் "வாராந்திர செட் டான்ஸ் வகுப்பு, எல்லா நிலையினரும் வரலாம்" என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு எந்த நடனமும் தெரியாது. கணவருக்கு ஆர்வமில்லை, தனியாகத்தான் போக வேண்டும். அறிமுகமில்லாத ஆண்களோடு ஜோடி சேர்ந்து ஆட வேண்டியிருக்குமோ என்ற தயக்கமும் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் ஷூ, உடை, 12 வார வகுப்பு எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாக ஏற்பாடு செய்கிறேன், முன்பணம் கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். வகுப்புக்குப் போங்கள். இரண்டுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை.

முதலில் அந்த பேக்கேஜை முடித்துவிடுவோம், ஏனென்றால் இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதல்ல. பெரியவர்களுக்கான செட் டான்ஸ் வகுப்பில் வாசலில் ஒரு மேசை இருக்கும், அதன்மேல் ஒரு டப்பா இருக்கும். அன்றைக்கு ஆட வந்தவர் அன்றைக்கான காசைப் போட்டுவிட்டு உள்ளே போவார். பெரும்பாலும் 10 யூரோவை ஒட்டித்தான் இருக்கும். பல இடங்களில் இடைவேளைத் தேநீரும் பிஸ்கட்டும் அதிலேயே அடக்கம். அடுத்த வாரம் வர முடியவில்லையென்றால் வர வேண்டாம், யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. சீருடை என்று ஒன்று கிடையாது. அப்படியிருக்க, நடுவில் ஒருவர் எதை விற்கிறார்?

என் ஊகம் இது: அவர் உங்களுக்கு விற்கப் பார்ப்பது வேறொரு நடனத்தின் சாமான். 1994-இல் டப்ளினில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ரிவர்டான்ஸ் மேடையேறியதே, கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு கால்களால் மட்டும் ஆடும் நடனம், அது ஸ்டெப் டான்ஸ். பெரும்பாலும் குழந்தைகளாகச் சேர்ந்து பயிற்சி எடுத்துப் போட்டிகளுக்குப் போகிறார்கள். சுருள் விக், வேலைப்பாடு செய்த உடை, அடிப்பகுதி கெட்டியான ஹார்ட் ஷூ எல்லாம் அந்த உலகத்துக்கு உரியவை, விலையும் அதற்கேற்ப இருக்கும். உங்கள் கூடத்தில் நடக்கப்போவதற்கு இவற்றில் ஒன்றும் வேண்டாம். ஸ்டெப் டான்ஸ்காரர்கள் தனியாள் ஆடும் ஒரு உருப்படியையும் செட் டான்ஸ் என்றே சொல்வதால், தெரியாதவரிடம் மாற்றி விற்பது சுலபமாகிவிடுகிறது. "எட்டுப் பேர் சதுரமாக நின்று ஆடுவதுதானே?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். ஆள் தடுமாறினால் விட்டுவிடுங்கள்.

செட் டான்ஸ் என்பது அந்த எட்டுப் பேர்தான். நான்கு ஜோடிகள் ஒரு சதுரத்தின் நான்கு பக்கத்திலும் நிற்பார்கள். ஒரு செட்டில் சில துண்டுகள் இருக்கும், அவற்றுக்கு ஃபிகர் என்று பெயர். ஒரு ஃபிகர் முடிந்ததும் இசை நிற்கும், மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போவார்கள். பிரெஞ்சு குவாட்ரில் நடனம் 19-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக்கு வந்து, கிராமத்து வீடுகளின் அடுப்படித் தரையில் இறங்கி, உள்ளூர் ரீல், ஜிக், போல்கா மெட்டுகளை ஏற்றுக்கொண்டு இப்படி மாறியது. ஊருக்கு ஊர் செட் மாறும். லிமரிக்கை ஒட்டிய க்ளேர் மாவட்டத்தில் கலிடோனியன், பிளெயின் செட், லான்சர்ஸ் என்ற செட்டுகள் அதிகம். கார்க்–கெர்ரி எல்லையில் ஷ்லீவ் லூக்ரா பக்கம் போனால் போல்கா, ஸ்லைடு மெட்டுகளில் ஆடுவார்கள். எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு போக வேண்டியதில்லை, யாரும் அப்படிப் போவதில்லை.

சரி, "எல்லா நிலையினரும்" என்ற அந்த வரி. இதைத்தான் நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டும். இந்த நடனத்தைப் புத்தகத்தில் படித்தோ வீடியோ பார்த்தோ பழகுவது கடினம். தெரிந்த ஆறு பேருக்கு நடுவில் தெரியாத இரண்டு பேர் நின்றால், அந்த ஆறு பேரின் கைகளே இரண்டு பேரையும் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். தெரியாத எட்டுப் பேரை ஒரே செட்டில் நிறுத்தினால் இரண்டாவது சுற்றிலேயே குழம்பி நின்றுவிடுவார்கள், எப்பேர்ப்பட்ட ஆசிரியர் மைக்கில் கத்தினாலும் சரி. ஆகவே நல்ல வகுப்பின் அடையாளம் ஒன்றே ஒன்று: புதியவர்களைப் பிரித்துப் பழையவர்களிடையே நிறுத்துகிறார்களா? சில கூடங்களில் நெடுநாள் ஆடுபவர்கள் இசைக்குப் பக்கத்தில் தங்களுக்குள் ஒரு செட் போட்டுக்கொள்வார்கள். புதியவர்கள் கதவோரம் தானாகவே ஒதுங்கி ஒரு செட் ஆவார்கள். ஆசிரியர் அதைப் பார்த்தும் பேசாமல் இருப்பார். அங்கே எல்லா நிலையினரும் "வரலாம்", ஆனால் கற்றுக்கொள்ள முடியாது. புதியவர்கள் மூன்று வாரம் வந்துவிட்டு, தனக்கு நடனம் வராது என்று நினைத்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வரும். நடனம் வராததல்ல காரணம், நிறுத்திய இடம்தான் தவறு.

நோட்டீஸில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து, ஆசிரியர் ஒவ்வொரு ஃபிகரையும் முதலில் இசையில்லாமல் நடந்து காட்டுவாரா என்று கேளுங்கள். புதியவர்களை எங்கே நிறுத்துவார் என்றும் கேளுங்கள். இன்றைக்கு வந்தால் இன்றைய காசு மட்டும் போதுமா என்பதையும் உறுதி செய்யுங்கள். துணையில்லாமல் வரலாமா என்று கேட்கவே வேண்டாம், வரலாம்.

ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில வாரங்களில் வகுப்பு என்ற பெயரில் நடப்பது போட்டிக்கான ஒத்திகையாக இருக்கும். அயர்லாந்தின் கேலிக் விளையாட்டுச் சங்கமான ஜி.ஏ.ஏ. ஸ்கோர் என்ற கலைப்போட்டிகளை நடத்துகிறது, அதில் செட் டான்ஸும் ஒரு பிரிவு. 1951-இல் தொடங்கிய கோல்தஸ் என்ற பாரம்பரிய இசை அமைப்பு ஃப்ளா என்னும் திருவிழாவை நடத்துகிறது. மாவட்டச் சுற்று, மாகாணச் சுற்று என்று ஏறி ஆகஸ்டில் தேசிய அளவில் முடியும், அதிலும் செட் போட்டி உண்டு. போட்டிக் குழு என்றால் எட்டுப் பேர், அதே எட்டுப் பேர், அதே ஜோடிகள். மாவட்டச் சுற்று நெருங்கும்போது அவர்களுக்கு ஒன்பதாவது ஆளுக்கு நேரமிருக்காது, அதில் அவர்கள் தவறும் இல்லை. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஃபிகரை ஏழெட்டுத் தடவை வேடிக்கை பார்த்துவிட்டு வருவீர்கள். நோட்டீஸ் மட்டும் செப்டம்பரில் ஒட்டியது அப்படியே இருக்கும். எனவே நீங்கள் வசந்த காலத்தில் சேரப்போகிறீர்கள் என்றால், "இந்த மாதம் குழு ஏதாவது போட்டிக்குத் தயாராகிறதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் "புதியவர்களுக்குத் தனி நேரம் உண்டா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தக் கூடத்தை வெறுக்க வேண்டாம், போட்டி முடிந்ததும் போங்கள். இன்னும் நல்லது, செப்டம்பரில் சேருங்கள். வகுப்புகள் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கி மே வாக்கில் நிற்கும். தொடக்கத்தில்தான் எல்லோருமே கோடை விடுமுறையில் மறந்துவிட்டு வந்திருப்பார்கள்.

அடுத்து, ஆண்களோடு ஆடும் தயக்கம். மழுப்பாமல் சொல்கிறேன். ஸ்விங் என்ற சுழற்சியில் ஜோடியின் ஒரு கை உங்கள் முதுகில் இருக்கும், இன்னொரு கை உங்கள் கையைப் பிடித்திருக்கும். உங்கள் ஜோடி யாராக இருந்தாலும், சில ஃபிகர்களில் செட்டில் உள்ள மற்ற ஆண்களோடும் சில நொடிகள் கைகோத்துச் சுற்ற வேண்டி வரும். அது வேண்டவே வேண்டாம் என்றால் இந்த நடனம் உங்களுக்குச் சரிவராது. அந்த அளவுக்குத் தயக்கம் இல்லையென்றால் வழி எளிது: ஒரு பெண்ணையே ஜோடியாகக் கேளுங்கள். வகுப்புகளில் பெரும்பாலும் ஆண்கள் குறைவு. பெண்ணும் பெண்ணும் ஆடுவது அன்றாடக் காட்சி, ஒருவர் ஆண் பக்கத்தில் நின்றுகொள்வார். ஆனால் முதல் சில மாதங்களுக்கு நீங்கள் பெண் பக்கத்திலேயே நில்லுங்கள். ஆள் குறைகிறது என்று உங்களை ஒரு வாரம் இந்தப் பக்கமும் மறு வாரம் அந்தப் பக்கமும் மாற்றினால் இரண்டுமே மனதில் நிற்காது. யாருடைய பிடியாவது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் "கொஞ்சம் தளர்வாக" என்று சொல்லுங்கள், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படி எடுத்துக்கொள்பவரோடு மறுபடி ஆட வேண்டாம்.

ஷூவுக்கு வருவோம். கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். வழுக்கும் அடிப்பகுதி வேண்டும், அவ்வளவுதான். தோல் அடிப்பகுதி கொண்ட, தட்டையான, குதிகாலைக் கவ்விப் பிடிக்கும் பழைய ஷூ வீட்டில் இருந்தால் அதுவே போதும். ஓடுவதற்கான ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு ஸ்விங் செய்யாதீர்கள். உடல் சுழலும், பாதம் தரையிலேயே ஒட்டி நிற்கும், நடுவில் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். முதல் நாள் வேறு ஷூ இல்லையென்றால் சுழலாமல் நடந்தே ஆடுங்கள். ஆறேழு வாரம் போன பிறகும் ஆசை குறையாவிட்டால் அப்போது டான்ஸ் ஷூ வாங்கலாம். உடை எதுவானாலும் சரி, துப்பட்டாவும் நீளத் தொங்கலும் வேண்டாம். வியர்க்கும், மாற்றுச் சட்டை ஒன்றும் தண்ணீரும் கொண்டுபோங்கள்.

முதல் நாள் எங்கே நிற்பது? இசைக்கு முதுகு காட்டி நிற்பவர்கள் முதல் டாப்ஸ், அவர்களுக்கு எதிரே இரண்டாம் டாப்ஸ். மற்ற இரண்டு ஜோடிகள் சைட்ஸ். ஆட்டத்தை டாப்ஸ் தொடங்குவார்கள், சைட்ஸின் முறை பிறகு வரும். நீங்கள் சைட்ஸில் நில்லுங்கள். டாப்ஸ் ஆடுவதை ஒரு தடவை முழுதாகப் பார்த்துவிட்டு ஆடலாம். "காலி இடம் இருக்கிறது, வாங்க" என்று டாப்ஸுக்கு இழுத்தால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

கால் தப்பினாலும் பரவாயில்லை, எண்ணிக்கை தப்பக்கூடாது. பார் என்பது தாளத்தின் ஒரு சிறு அளவு, எல்லாம் எட்டு எட்டு பாராகத்தான் போகும். இசை நமக்கு அந்நியமாகக் கேட்டாலும் உள்ளே இருக்கும் கணக்கு பழகியதுதான்: ஜிக் ஓடுவது தகிட தகிட என்று, ரீல் ஓடுவது தகதிமி தகதிமி என்று. அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தால் பாதி வேலை முடிந்தது. சுழலும்போது தலை சுற்றினால் சுவரைப் பார்க்காமல் ஜோடியின் தோளைப் பாருங்கள். அவர்மேல் தொங்காதீர்கள், உங்கள் எடை உங்கள் காலிலேயே இருக்கட்டும்.

பேட்டரிங் என்று தரையைத் தட்டி ஓசை எழுப்பும் கால்வேலை ஒன்று உண்டு. க்ளேர்காரர்கள் தட்டுவதைக் கேட்டால் உடனே கற்க ஆசை வரும். அதை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதற்கென்று வாரக்கடைசிப் பயிற்சிப் பட்டறை நடத்தி, வழியே தெரியாத புதியவர்களிடமும் காசு வாங்குகிறார்கள். எட்டாவது பாரில் எங்கே இருக்க வேண்டும் என்று தெரியாதவருக்குத் தட்டத் தெரிந்து என்ன பயன்?

இவ்வளவு எச்சரிக்கை ஏன் தேவைப்படுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ஐரிஷ் மொழியை மீட்க 1893-இல் தொடங்கிய கேலிக் லீக் என்ற அமைப்பு இந்த செட்டுகளை அந்நியச் சரக்கு என்று ஒதுக்கியது. 1935-இன் பொது நடனக்கூடச் சட்டம் நடனத்துக்கு உரிமம் கேட்டது, பாதிரியார்களும் காவலர்களும் அதைக் காட்டி வீட்டு நடனங்களையும் அடக்கினார்கள். இத்தனைக்குப் பிறகும் இது பிழைத்தது சாதாரண ஜனங்களால்தான். 1980-களில் டிப்பரரியைச் சேர்ந்த கானி ரயன் போன்ற ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்து மீட்டார்கள். இன்றைக்கு அதே நடனத்தை வாரம் ஒருமுறை கற்றுத்தரும் ஆசிரியர், கூடத்தின் வாடகைக்கும் பொறுப்புக் காப்பீட்டுக்கும் தன் பையைத் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மேடைக்கும் போட்டிக்கும் சுற்றுலாவுக்கும் பேசுகிறவர்கள், செவ்வாய்க்கிழமை இரவு இருபது பேர் ஆடும் கூடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எந்த ஊரில் எந்த வகுப்பு நடக்கிறது என்று நம்பிப் பார்க்க ஒழுங்கான ஒரு பட்டியல் கிடைப்பதே கஷ்டம். நின்றுபோன வகுப்பின் நோட்டீஸ் வருடக்கணக்கில் தொங்குகிறது, நடக்கிற வகுப்பு யாருக்கும் தெரிவதில்லை. இந்த இடைவெளியில்தான் உங்கள் பேக்கேஜ்காரர் நுழைகிறார்.

கேய்லிக்குப் போகலாமா என்று சீக்கிரமே கேட்பீர்கள். அது நேரடி இசைக்குழுவோடு மணிக்கணக்கில் செட் ஆடும் கூடல். வகுப்பில் இரண்டு செட்டாவது உதவியில்லாமல் ஆட முடிந்த பிறகு போங்கள், வகுப்பிலிருந்து யாராவது ஒருவரோடு சேர்ந்து போங்கள். ஜூலை தொடக்கத்தில் க்ளேர் மாவட்டத்தின் மில்டவுன் மால்பேயில் வில்லி க்ளான்சி கோடைப்பள்ளி நடக்கும். 1973 முதல் நடக்கிறது, செட் டான்ஸ் வகுப்புகளும் உண்டு. லிமரிக்கிலிருந்து காரில் ஒரே நாளில் போய் வந்துவிடலாம். அந்த வாரம் ஊரில் அறை கிடைப்பது கஷ்டம் என்பதால் தங்குமிடம், உணவு, வகுப்பு சேர்த்து விற்க யாராவது வருவார்கள். வகுப்புக்குப் பள்ளியிடமே நேராகப் பதிவு செய்யுங்கள், அறையைத் தனியாகப் பாருங்கள்.