ஆயாவின் பாய்க்கு ஒரு டிரெய்லர்

கேள்வி: அக்கா, நான் விஸ்காம் இரண்டாம் வருஷம். போகியை வைத்து, எடுக்காத ஒரு படத்துக்குக் காமெடி டிரெய்லர் எடுக்கிறேன். பழைய கோரைப்பாயை எரிக்கச் சொல்லும் அம்மா, தர மாட்டேன் என்னும் ஆயா, இதுதான் கதை. ஒத்திகையாக எடுத்ததை வகுப்பில் காட்டினேன், ஒருத்தரும் சிரிக்கவில்லை. கையில் போன் மட்டும்தான் இருக்கிறது. எங்கே தப்பு?
- கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பியதை நாலு தடவை பார்த்தேன். ஒரே ஒரு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆயா பாயின் ஓரத்தில் பிரிந்து நிற்கும் கோரையை விரலால் உள்ளே செருகுகிறார், அது மறுபடி வெளியே வருகிறது, மறுபடி செருகுகிறார். கேமரா ஓடுவதே அவருக்குத் தெரியவில்லை. அதை ஒரே நொடியில் வெட்டிவிட்டீர்களே! நாலு நொடி விடுங்கள்.

மற்ற எல்லாரும் 'இது காமெடி' என்று தெரிந்துகொண்டு நடிக்கிறார்கள். அதுதான் தப்பு. ஆயாவுக்கு அது பாய் இல்லை, சொத்து. பாகப்பிரிவினைக்கு நிற்கிற மாதிரி அம்மாவும் ஆயாவும் நிஜமாகவே சண்டை போடட்டும். சிரிப்பதைப் பார்க்கிறவர்களிடம் விட்டுவிடுங்கள்.

நடுவில் ஒரு பையன் அரிவாளோடு நடந்து வருகிறானே, அவனைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். வடசென்னை என்றாலே கத்தியைக் காட்டுகிற பழக்கம் எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்த இடத்தில் தெருவிளக்குக்குக் கீழே கேரம் ஆடுகிற பசங்களை வையுங்கள். கையெல்லாம் பவுடரோடு எழுந்து வந்து, பாய் யாருக்கு என்று பஞ்சாயத்து பேசட்டும். நம் தெருவில் அப்படித்தானே நடக்கும்?

அப்புறம் சத்தம். நான் படிக்கும்போது போகி மேளத்தைப் பசங்களுக்குப் பக்கத்திலேயே நின்று பதிவு செய்தேன். மொத்தமும் கிழிந்த சத்தம். அந்த வருஷப் போகியே எனக்குப் போய்விட்டது. நீங்கள் மொட்டை மாடிக்கு ஏறி, மேளத்தை மட்டும் தனியாக இரண்டு நிமிஷம் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஷாட் மாறட்டும். ஆயா வாயைத் திறக்கும்போது மேளத்தைச் சட்டென்று நிறுத்துங்கள். அந்த அமைதியில்தான் சிரிப்பு வரும். சினிமாப் பாட்டு வேண்டாம். அதற்கு உரிமை வாங்க வேண்டும், இந்த மேளம் நம்முடையது.

வீட்டுக்குள் எடுத்த காட்சிகளில் டியூப்லைட் துடிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று வைத்தால் சரியாகிவிடும். போனில் உள்ள கேமராவில் மாற்ற முடியாவிட்டால், அதற்கென்று ஆப் இருக்கிறது.

சண்டைக் காட்சியை முன்னாடியே முடித்துவிடுங்கள். போகியன்று தெரு மட்டும் போதும். ஜனவரி நடுவில் இங்கே சூரியன் உதிப்பது சுமார் 6.35 மணிக்கு. அதற்கு முந்தின இருபது நிமிஷம், நீல வெளிச்சமும் நெருப்பும் புகையும் ஒன்றாக இருக்கும். விட்டால் அடுத்த வருஷம்தான். புகை வேண்டும் என்று டயரையோ பிளாஸ்டிக்கையோ போடாதீர்கள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கும்.

ராயபுரம் ஸ்டேஷனிலும் எடுக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். 1856-இல் திறந்த கட்டடம், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் ரயில்வேயிடம் அனுமதி வாங்க வேண்டும், இந்தக் கதைக்கு அது தேவையும் இல்லை.

பாய் எரிந்ததா இல்லையா என்று டிரெய்லர் சொல்லவே கூடாது. புகைக்கு நடுவே ஏதோ எரிகிறது, டைட்டில் வருகிறது. அதற்குப் பிறகு ஒரே ஒரு ஷாட்: அதே பாயில் அம்மா அசந்து தூங்குகிறார், ஆயா வெறும் தரையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறார்.

எரிகிற ஷாட்டுக்கு ஆயாவின் பாயைத் தொட்டுவிடாதீர்கள் தம்பி. பழைய சாக்கைச் சுருட்டிப் போட்டால் போதும், புகையில் வித்தியாசம் தெரியாது.