கடைசிப் பக்கத்துக் கட்டம்

அன்புள்ள அக்கா,

குமரிக் கடற்கரையில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கிலிருந்து (ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர்) எழுதுகிறேன். வெளியிட்டால் என் பெயரும் ஊர்ப்பெயரும் வேண்டாம். வயது 27. மூன்று வருடமாக எங்கள் பங்கு மடலை, அதாவது கோயில் செய்தி இதழை, நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாதம் ஒரு இதழ், 16 பக்கம். அன்பியக் கூட்டங்களில் (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து நடத்தும் ஜெபக் கூட்டம்) கொடுக்கிறோம். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அதில் பனங்கிழங்கு பொதிந்து வைத்திருக்கிறார்கள். இளைஞர்கள் தொடுவதே இல்லை, வாட்ஸ்அப் குழு போதும் என்கிறார்கள். பங்குப் பேரவையில் 'எதுக்கு இந்த வீண் செலவு' என்று கேட்கிறார்கள். ஃபாதர் நல்லவர். ஆனால் மறையுரை மாதிரியான கட்டுரைகளை இன்னும் கூட்டச் சொல்கிறார். எனக்குக் கதை, கவிதை சேர்த்து இலக்கியத் தரமாக்க ஆசை. மடலை நிறுத்திவிடலாமா, மாற்றினால் படிப்பார்களா? கடைசி இரண்டு இதழ்களை இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று. இறந்துபோன ஒரு பாட்டியின் பெயர் போன இதழில் விட்டுப்போய்விட்டது. அவருடைய மகள் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். ஒரு பெயருக்காக இவ்வளவு கோபமா என்று இருந்தது.

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

27 வயது என்கிறாய், அக்கா என்கிறாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். 'இன்னொன்று' என்று போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறாயே, எனக்கு அது மட்டும்தான் கடிதம். மற்றதெல்லாம் முன்னுரை. கொஞ்ச நாளாக நானும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடலாம். காகிதமா வாட்ஸ்அப்பா என்பது ஒரு கேள்வியே இல்லை. இரண்டிலும் போடு. பனங்கிழங்கு பொதிந்தால் பொதியட்டும், பொதிவதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணில் பட்டிருக்கும். இளைஞர்கள் படிப்பதில்லை என்பதை நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இலக்கியத் தரமா? வேண்டவே வேண்டாம். நீ அனுப்பிய இரண்டாவது இதழில் மாதாவைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. அதை எழுதியது நீயாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். நான் வேண்டிக்கொள்வது அபூர்வம்.

சரி, இதழுக்கு வருவோம். முதல் பக்கம் பங்குத்தந்தையின் மடல். அடுத்து அவருடைய நாமவிழாப் (அவர் பெயர்கொண்ட புனிதரின் திருநாள்) படங்கள்: கேக் வெட்டுகிறார், கேக் ஊட்டப்படுகிறார், பொன்னாடை, மறுபடியும் பொன்னாடை. பிறகு தவக்காலம் பற்றி ஒரு கட்டுரை. எந்த நாட்டில் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினாலும் இதே கட்டுரைதான் வரும். பைபிள் வினாடிவினா. பிறகு திருவிழா நன்கொடையாளர் பட்டியல், இரண்டு முழுப் பக்கம். தொகை ஏற ஏற எழுத்து பருக்கிறது. ஐம்பதாயிரம் கொடுத்தவர் பெயரை மொட்டைமாடியில் நின்று வாசிக்கலாம். கடைசிப் பக்கத்தின் அடியில், அச்சகத்தின் விளம்பரத்துக்குப் பக்கத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். 'இறையடி சேர்ந்தோர்'. மூன்று வரிகள். அதில் ஒரு வரியில் பெயரே இல்லை, இன்னாரின் மனைவி என்று மட்டும் இருக்கிறது. எழுபது எண்பது வருடம் உங்கள் ஊரில் வாழ்ந்த பெண்ணுக்கு நீ ஒரு பெயர்கூடக் கொடுக்கவில்லை. இந்த லட்சணத்தில் அந்த மகள் ஏன் கோபப்பட்டாள் என்று என்னிடம் கேட்கிறாய்.

என் தாத்தா உபதேசியாராக இருந்தவர், சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். எங்களுடையது அப்போது சின்ன ஊர், சாமியார் பக்கத்துப் பங்கிலிருந்து வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். பூசை முடிந்ததும் தாத்தாதான் அறிவிப்பு வாசிப்பார். பிரசங்கத்தின்போது கோயிலில் பாதிப் பேர் தூங்குவார்கள். தாத்தா தொண்டையைச் செருமினால் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். வெளியே புன்னை மரத்தடியில் பேசிக்கொண்டு நின்ற ஆண்களும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள். கல்யாண ஓலை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற முன்னறிவிப்பு: எந்த ஊர்ப் பையன், எந்தத் துறைப் பெண், முதல் ஓலையா இரண்டாவதா. யார் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். அந்த வாரம் கோயிலுக்கு மீன் குத்தகை எவ்வளவு வந்தது. மாதாவுக்கு நேர்ந்துவிட்ட சேவல் பூசைக்குப் பிறகு ஏலம். அப்புறம் இறந்தவர்கள். அந்த இடத்தில் மட்டும் தாத்தா நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். ஆளுடைய பெயர், அப்பா பெயர், வீட்டுப் பெயர், வாழ்க்கைப்பட்டு வந்தவளென்றால் பிறந்த துறை. இலக்கியம் எதுவும் இல்லை. ஆனால் ஒருவர்கூட இருமமாட்டார்கள். உன் மடலை ஆள் படிக்க வேண்டுமென்றால் தாத்தா வாசித்ததை அச்சடி, போதும்.

இதைப் பழைய ஏக்கம் என்று நினைத்துவிடாதே. ஒக்கிப் புயலை நினைத்துப் பார். 2017 நவம்பர் கடைசியில் உனக்கு விவரம் தெரிகிற வயதுதான். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரைக்கும் உள்ள எட்டு ஊர்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன, கோயில் கணக்கில் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டம். ஆழ்கடலுக்குப் போகிற ஆட்கள். புயல் வரும்போது கரையிலிருந்து நாள்கணக்கில் தள்ளி இருந்தார்கள். எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்று அரசு சொன்ன எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. கலெக்டர் ஆபீஸுக்கு எப்படித் தெரியும்? எந்தப் படகில் யார் ஏறினான், கடைசி நேரத்தில் எவன் வயிற்றுவலி என்று இறங்கிவிட்டான், அவனுக்குப் பதில் எந்த ஊர் மருமகன் போனான் என்பதெல்லாம் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஊர் ஊராகக் கோயில்களில்தான் பட்டியல் எழுதினார்கள். படகு, ஆள், வயது, வீடு. லட்சத்தீவிலோ மகாராஷ்டிரத்திலோ குஜராத்திலோ கரையேறினான் என்று போன் வந்தால் பெயருக்கு நேரே ஒரு கோடு. டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கில் மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, ஊர்களில் எழுதிய அந்தப் பெயர்களை நம்பித்தான் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவன் இறந்துவிட்டான் என்று சட்டம் ஒத்துக்கொள்ள ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். பிறகு அரசு அதைத் தளர்த்திச் சான்றிதழ் கொடுத்தது. திரும்பி வராதவன் ஒருவன் இருந்தான் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் காகிதங்கள்தான்.

அந்தப் பட்டியலும் பங்குச் செய்திதான் தம்பி. அதைவிடப் பெரிய பங்குச் செய்தி எனக்குத் தெரியாது. அதை எழுதிய கைகள் வினாடிவினா தயாரித்தா நேரம் போக்க வேண்டும்?

ஃபாதர் இதற்குச் சம்மதிக்க மாட்டார் என்பாய். அவரிடம் அவருடைய சட்டத்தையே எடுத்து வை. 1563-இல் திரெந்து சங்கம் (ஆயர்கள் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம்) திருமணப் பதிவேடு வைக்கச் சொன்னது. 1614-இல் வந்த உரோமைச் சடங்கு நூல் இறந்தோருக்கும் ஏடு வைக்கச் சொன்னது. அது போதாதென்று வீடு வீடாக யார் யார் இருக்கிறார்கள் என்று தனி ஏடு வேறு. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் விதியும் ஞானஸ்நானம், திருமணம், இறப்பு மூன்றுக்கும் ஏடு இருந்தாக வேண்டும் என்கிறது. தவக்காலக் கட்டுரை எழுதியாக வேண்டும் என்று ஒரு விதியையும் நான் பார்த்ததில்லை. கேக் வெட்டுவதற்கும் இல்லை. அவர் நல்லவர் என்கிறாய், புரிந்துகொள்வார். ஐந்தாறு வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார், ஏடு அங்கேயே இருக்கும்.

ஆனால் ஏட்டையும் ஒரேயடியாகப் புகழ மாட்டேன். ஏட்டில் யாரை எழுதவில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கும்போது, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு அத்தை இருந்தார். மீன் சருவத்தைத் தலையில் வைத்துச் சந்தைக்குப் போவார். திரும்பும்போது எனக்கு முந்திரிப் பழமோ அண்டிப்பருப்போ ஏதாவது கொண்டுவருவார். சண்டைக்கு நின்றால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். அவர் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டார். ஏன் என்று அப்போது எனக்குச் சொல்லவில்லை, இப்போது கேட்க ஆளில்லை. அன்று மணி அடிக்கவில்லை. ஊரில் யார் செத்தாலும் மணி அடிக்கும், ஆணா பெண்ணா குழந்தையா என்று மணியை வைத்தே சொல்லிவிடலாம். அன்று சாமியார் கூடாது என்றுவிட்டார். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, கோயில் அடக்கம் மறுக்கப்பட்டவர்களுக்கான தெம்மாடிக்குழியில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தாத்தா அறிவிப்பு வாசித்தார். ஓலை, ஏலம், குத்தகை எல்லாம் வந்தது. அத்தை வரவில்லை. எத்தனை நிறுத்தி வாசிப்பவர், அன்று அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

பாட்டி தாத்தாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பூசைக்காசு கொடுப்பார். யாருக்காக என்று எழுதுகிறவர் கேட்டால், 'ஆரும் நினையாத ஆத்துமாவுக்கு' என்பார். பெயரைச் சொன்னால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்பது பாட்டிக்குத் தெரியும். அந்தப் பூசை யாருக்கு என்பது ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். பீடத்தில் நின்றவருக்கு மட்டும்தான் தெரியாது.

1917-இல் வந்த திருச்சபையின் பழைய சட்டத்தில், தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவர்களுக்குக் கோயில் அடக்கம் கூடாது என்று இருந்தது. 1983-இல் வந்த புதிய சட்டத்தில், அடக்கம் மறுக்கப்படுகிறவர்களின் பட்டியலில் தற்கொலை இல்லை. எடுத்துவிட்டார்கள். சட்டத்தை உரோமையில் எடுத்துவிடலாம், ஊர் வாயிலிருந்து எடுக்க யார் வருவார்கள்? எத்தனையோ பங்குகளின் மலர்களையும் மடல்களையும் நான் புரட்டியிருக்கிறேன். வெள்ளிவிழா, பொன்விழா மலர்களில் துறவிகளான பிள்ளைகளின் படம் வரிசையாக இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களின் வாழ்த்து இருக்கும். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவள் இருக்கமாட்டாள். குடித்தே செத்தவன் இருக்கமாட்டான். கோயில் வரி பாக்கி வைத்தவன் வீட்டுச் சாவு இருக்காது. வரி தீர்த்தால்தான் குழி என்று பிணத்தை முற்றத்தில் கிடத்திவிட்டுக் கணக்குப் பார்த்த ஊர்களை எனக்குத் தெரியும்.

அதனால் உன்னிடம் நேராகவே கேட்கிறேன். அந்தப் பாட்டியின் பெயர் 'விட்டுப்போய்விட்டது' என்று எழுதியிருக்கிறாய். மறதியா, அல்லது வரி பாக்கியா? அல்லது பெயர்ப் பட்டியல் உன் கைக்கு வரும்போதே யாராவது அந்த வரியை எடுத்துவிட்டார்களா? மறதி என்றால் சரி, திருத்திவிடலாம். மற்றது என்றால் நீ ஆசிரியர் இல்லை தம்பி, தபால்காரன். உன்மேல் எனக்கு இருக்கிற மரியாதையில்தான் இதைக் கேட்கிறேன். யாரும் கேட்காமல் மாதாமாதம் ஒரு இதழைப் போட்டு அன்பியக் கூட்டங்களில் கொண்டு கொடுக்கிற பிள்ளை, வேண்டுமென்று செய்திருக்கமாட்டாய்.

இனி வேலை. நாளைக்கே அந்த மகள் வீட்டுக்குப் போ. மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடி வந்துவிடாதே. உட்கார். கருப்பட்டிக் காப்பி தருவார், குடி. முதல் அரை மணி நேரம் திட்டுவார், அதையும் கேள். அப்புறம் கேட்க வேண்டியதைக் கேள். பாட்டியின் முழுப் பெயர், ஞானஸ்நானப் பெயர், ஊர் கூப்பிட்ட பட்டப்பெயர். எந்தத் துறையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார். மீன் விற்றாரா, எந்தச் சந்தை, நடையா பஸ்ஸா, சருவத்தோடு பஸ்ஸில் ஏற்றினார்களா இறக்கிவிட்டார்களா. வலை பின்னினாரா, கயிறு திரித்தாரா. எத்தனை பெற்றார், எத்தனை தங்கியது. சுனாமியன்று எங்கே இருந்தார். யாரோடு பேச்சுவார்த்தை இல்லை. கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேள், பதிலை அச்சில் போடாதே.

இருநூறு வார்த்தைக்குள் எழுது. 'பாசமிகு', 'அன்பின் சிகரம்', 'இறைவனின் தோட்டத்து மலர்' எல்லாம் ஃபிளெக்ஸ் அடிப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உனக்கு வேண்டாம். மடலின் இரண்டாம் பக்கத்தில் போடு. பிறந்ததும் இறந்ததும் ஓலையும் வரவுசெலவும் முதல் நான்கு பக்கத்தில் வரட்டும். நன்கொடையாளர் பட்டியலைத் தூக்க முடியாது என்று எனக்கும் தெரியும், தூக்கினால் உன்னைத் தூக்கிவிடுவார்கள். எல்லாப் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடு, அகர வரிசையில். முதல் மாதம் சண்டை வரும். வரட்டும், மடலை ஆள் படிக்கிறார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. தவக்காலக் கட்டுரையைக் கடைசிப் பக்கத்துக்கு, அச்சகம் விளம்பரத்துக்குப் பக்கத்தில் நகர்த்து. ஃபாதர் கேட்டால் இடம் போதவில்லை என்று சொல்.

நிறுத்தலாமா என்று கேட்டிருந்தாய் அல்லவா? பேரவையில் செலவுக் கணக்கு கேட்கிறார்கள் என்றால் சந்தா வசூலிக்க வேண்டியதுதானே. இரண்டு இதழையும் தேடிப் பார்த்துவிட்டேன், சந்தா எவ்வளவு என்று எங்குமே போடவில்லை. வருடத்துக்கு எவ்வளவு, எந்த எண்ணுக்கு ஜிபே அனுப்ப வேண்டும் என்று மின்னஞ்சல் செய். நன்கொடையாளர் பக்கத்தில் என் பெயரைப் போட்டுவிடாதே.

அன்புடன்,
அக்கா